கோரையடித்துறை வடக்கான கதை

கோரையடித்துறை வடக்கே இருக்கிறது என்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட காலையில் அழகரத்தினம் வாவிக்கு நடுவே இறால் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர் இடம் மாறியது அவருக்குத் தெரியாது. தோணியைத் திருப்பிக்கொண்டு துறைக்கு வந்தபோது, முப்பத்தைந்து வருடமாக அவர் தோணி கட்டும் கட்டையைச் சுற்றி மஞ்சள் சங்கிலி ஓடியிருந்தது. சங்கிலிக்குப் பின்னால் நீலக் காற்சட்டை போட்ட ஒருவன் நின்றான். காற்சட்டை புதிது. ஆள் பழையவன்தான்: மனைவியின் தம்பி சீனித்தம்பி.

"நில்லுங்க அத்தான். டிக்கட் இரிக்கா?"

"என்ன டிக்கட்டுடா?"

"உள்ளுக்கு வாறதுக்கு."

"நான் எங்கடா உள்ளுக்கு வாறன்? வீட்ட போறன்."

"வீட்ட போறதெண்டாலும் இதுக்குள்ளாலதானே போகணும். இது இப்ப சுற்றுலாத் தலம். வாசல் றோட்டுப் பக்கம் இரிக்கி. நீங்க தண்ணிப் பக்கத்தால வாறீங்க. தண்ணிப் பக்கத்தால வாற ஆக்கள என்ன செய்யிறெண்டு எனக்கு இன்னும் சொல்லித் தரல்ல."

"அப்ப நான் இப்ப என்ன செய்யிற?"

சீனித்தம்பி யோசித்தான். யோசிப்பது அவனுடைய நியமனக் கடிதத்தில் இல்லை. ஆனாலும் சொந்தக்காரன் என்பதால் யோசித்தான்.

"திரும்பிப் போய், வடக்கால சுத்தி, கோரைக்குள்ளால ஏறி, றோட்டால வந்து டிக்கட் எடுங்க. மறுகா நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

றோட்டில் அப்துல் கபூர் மோட்டார் சைக்கிளில் காலூன்றிக்கொண்டு நின்றார். காத்தான்குடியிலிருந்து நாள்தோறும் வந்து, மீனை ஈரம் காயுமுன் வாங்கி, பின்னால் கட்டிய வெள்ளை றெஜிபோம் ஐஸ்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறவர். அழகரத்தினம் இடுப்புவரை சேறும் தோளில் கூடையுமாகக் கோரைக்குள்ளிருந்து ஏறி வந்தபோது பெட்டியில் ஐஸ் தண்ணீராகியிருந்தது.

"என்ன மச்சான், மீன் பிடிக்கப் போனீங்களா, வயல் மிதிக்கப் போனீங்களா?"

"துறையப் பூட்டிப்போட்டானுகள், கபூர் காக்கா."

"துறைக்கு என்ன கதவா இரிக்கி, பூட்டுறதுக்கு?"

"இப்ப இரிக்கி."

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. பொழுது எழும்பும் பக்கம். மேற்கே, வயலும் காடுமாக விரிந்து போவது படுவான்கரை. பொழுது படும் பக்கம். இந்தப் பெயர்களை வைத்தவன் இரண்டு கரையிலும் நிற்கவில்லை, நடுவாவியில் தோணியில் நின்றிருப்பான் என்பது அழகரத்தினத்தின் எண்ணம். மண்டூருக்கு வடக்கே, படுவான்கரையில், கோரைப்புல் மண்டிய ஒரு வளைவில் அவருடைய ஊர் இருந்தது. முப்பது குடும்பம், ஒரு துறை, ஒரு கட்டை.

ஊர் வடக்கான விதம் இது. வடபுலத்துச் சுற்றுலாத் தலங்களின் வரலாறு, காட்சி, உணவு ஆகியவற்றை வளர்த்தெடுப்பதற்கென்று ஒரு சபை இருந்தது. வடக்கில் வளர்க்க வேண்டியதை எல்லாம் வளர்த்து முடித்துவிட்டதாகச் சபை தன் அறிக்கையில் எழுதியிருந்தது. இனி வருடத்துக்கு ஒரு புதிய வடபுலத் தலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. பணிப்பாளர் சுதாகரனின் வீடு மட்டக்களப்பு நகரில். தூரப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். ஆகவே வீட்டுக்குக் கிட்டவாக ஒரு வடக்கைத் தேடிக் கண்டுபிடித்தார்.

அலுவலகம் றோட்டோரத்துத் தென்னந்தோட்டத்தில் ஒரு பழைய வீட்டில் இயங்கியது. பலகையில் இப்படி எழுதியிருந்தது: வடபுலச் சுற்றுலாச் சபை, கிழக்குக் கிளை, மேற்குக்கரை அலுவலகம். அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி. பணிப்பாளர் தெற்கு அறையில்.

அழகரத்தினம் வெளுத்த சாரம் கட்டிக்கொண்டு அந்தத் தெற்கு அறைக்குப் போனார். சுதாகரன் கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். எதையாவது பார்க்க வேண்டி வந்தால்தான் அதைக் கண்ணுக்கு இறக்குவார்.

"என்ன பிரச்சினை, ஐயா?"

"எங்கட துறைய மூடிப்போட்டாங்க, சேர்."

"உங்கட துறையா? நீங்க எந்தத் துறை?"

"கோரையடித்துறை."

சுதாகரன் திரும்பிச் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தார். கல்வித்துறை இருந்தது. சுகாதாரத்துறை இருந்தது. மீன்பிடித்துறைகூட இருந்தது.

"அப்பிடி ஒரு துறை இல்லையே ஐயா."

"துறை எண்டா சேர், தோணி கட்டுற இடம்."

"அது உங்கட பேச்சு வழக்கு. நிர்வாகத்தில துறை எண்டா துறைதான். இந்த இடம் இப்ப சுற்றுலாத்துறைக்குள்ள வந்திட்டுது. ஒரு துறைக்குள்ள இன்னொரு துறை இயங்கேலாது. நாளைக்குச் சுகாதாரத்துறைக்குள்ள ஒரு கல்வித்துறை வந்தா என்ன நடக்கும்? யோசிச்சுப் பாருங்க."

அழகரத்தினம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கும்போல் தெரியவில்லை.

"வடக்கெண்டு போட்டிரிக்கே சேர், பலகையில. இது வடக்கில்லையே."

"மண்டூர்ல நிண்டு பாருங்க. இது வடக்கு."

"அப்பிடிப் பார்த்தா, பெரியகல்லாத்தில நிண்டு பார்க்கிறவனுக்கு மட்டக்களப்பும் வடக்குத்தான்."

"அதத்தானே நானும் சொல்றன்!" சுதாகரன் எழும்பி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க படிக்காட்டியும் விளங்குது உங்களுக்கு. வடக்கு ஒரு திசை இல்ல. அது ஒரு திட்டத்தின்ட பேர். திட்டம் எங்க போகுதோ அங்க வடக்கும் போகும்."

பிறகு உட்கார்ந்து விளக்கினார். சபையிடம் மூன்று பிரிவு உண்டு. வரலாறு, காட்சி, உணவு. இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்குகிறவர் துறைக்குள் வரலாம், போகலாம். ஒன்றிலும் அடங்காதவர் பார்வையாளர். பார்வையாளர் டிக்கட் எடுக்க வேண்டும். டிக்கட் எடுத்தாலும் தோணியைக் கட்ட முடியாது. பார்வையாளர்கள் வாகனத் தரிப்பிடத்தில் மட்டுமே எதையும் நிறுத்தலாம்.

"உங்களுக்கு உதவி செய்யத்தான் நாங்க இரிக்கிறம். மூண்டு பிரிவிலயும் கேட்டுப் பாருங்க, நீங்க எதுக்குள்ள வாறீங்க எண்டு."

*

வரலாற்று உத்தியோகத்தர் மதுரன் துறைக்கே வந்தார். இருபத்தெட்டு வயது, கையில் படிவம். வடபுலத் தலங்கள் எல்லாவற்றுக்கும் அதே படிவம்தான். அதில் மூன்று கேள்விகள் இருந்தன.

"இஞ்ச எந்த அரசன் வந்தவர்?"

"ராசா வந்தா எங்க இருத்துற? ஒருத்தரும் வரல்ல."

"கோட்டை?"

"எழுபத்தெட்டுப் புயலுக்கு எங்கட கூரையே நிக்கல்ல, தம்பி. கோட்டைக்கு எங்க போற?"

"வெளிநாட்டவர் யாரும்?"

"சுனாமிக்குப் பொறவு ஒரு வெள்ளக்காரன் வந்து தண்ணித் தாங்கி ஒண்டு வைச்சிட்டுப் போனவன். தாங்கி ஓட்டை."

மதுரன் எதையும் எழுதவில்லை. சங்கிலிக்குள் நின்ற கட்டையைப் பேனாவால் காட்டினார். "இது என்ன? பழசுபோல இரிக்கி."

அது பாலை மரக் கட்டை. இடுப்பளவு உயரம், தொடையளவு பருமன். அழகரத்தினத்தின் அண்ணன் நல்லரத்தினம் நட்டது. தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது எழுவான்கரைச் சனம் பிள்ளை குட்டிகளோடு இந்தக் கரைக்கு ஓடிவந்தது. நல்லரத்தினம் ஒரே பகலில் நாலு தரம் தோணியை அக்கரைக்குக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி வந்தான். நாலாம் தரம் வந்தவர்களை இறக்கிவிட்டுத் தோணியைக் கட்டையில் கட்டினான். றோட்டில் ஒரு வாகனம் வந்து நின்றது. விசாரிக்க வேண்டும், ஏறு என்றார்கள். ஏறினான். திரும்பி வரவில்லை. மறுநாள் தம்பி வந்து பார்த்தபோது தோணி கட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கத் தம்பிக்குப் பதினொரு நாள் எடுத்தது.

அழகரத்தினம் இதை மதுரனுக்கு ஐந்தாறு சொல்லில் சொன்னார். அதற்கு மேல் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

மதுரன் பேனாவை மூடினார். கெட்ட பிள்ளை இல்லை. முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது.

"ஐயா, அது வரலாறு இல்ல. அது பிரச்சினை."

"எப்படித் தம்பி?"

"நூறு வருசம் போனாத்தான் எங்கட படிவத்தில வரலாறு. அதுக்குள்ள நடந்ததெல்லாம் பிரச்சினை. உல்லாசப் பயணிகள் சந்தோசமா இரிக்க வாறவங்க. அவங்களப் போட்டுக் குழப்பக்கூடாது."

"அப்ப இன்னும் அறுபத்தஞ்சு வருசம் பொறுத்தாச் சரியா?"

"ஓம். அப்ப விண்ணப்பிக்கலாம்," என்றார் மதுரன், உதவ முடிந்த மகிழ்ச்சியோடு.

பத்து நாள் கழித்துக் கட்டைக்குப் பக்கத்தில் கருங்கல் பலகை ஒன்று நட்டார்கள். வடபுல இளவரசி ஒருத்தி நீராட வந்தபோது அவளுடைய பட்டத்து யானையைக் கட்டிய தறி இது என்று அதில் வெட்டியிருந்தது. இளவரசியின் பெயர் ஆராயப்பட்டு வருகிறது என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

அப்துல் கபூர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்று அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மச்சான், இதில யானையக் கட்டியிருந்தா யானையோட கட்டையுமெல்லுவா போயிருக்கும்? ஆட்டுக்குட்டிக்கே இது ரெண்டு நாளைக்குக் காணாது." பிறகு குரல் இறங்கியது. "நல்லரத்தினம் நானாட கட்டைதானே இது?"

அழகரத்தினம் வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கோரைப் பக்கமாக நடந்தார். அவருடைய தோணி அங்கேதான், கட்ட ஒன்றுமில்லாமல், சேற்றில் ஏற்றிக் கிடந்தது. முந்தின வாரக் காற்றுக்கு இரண்டு தரம் தானாகவே வாவிக்குள் போய்விட்டது. நீந்திப் போய்ப் பிடித்து வந்தார்.

*

உணவு உத்தியோகத்தர் மேனுகா நேரே வீட்டுக்கு வந்தாள். மங்கையற்கரசி வந்த பிள்ளையை வெறும் வாயோடு அனுப்புகிறவள் இல்லை. சோறும், தேங்காய்ப்பால் விட்ட திரளி மீன் பாலாணமும், இறால் பொரியலும் வைத்தாள். மேனுகா ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். விரலைச் சூப்பிக்கொண்டு இடது கையால் படிவத்தை நிரப்பினாள். சுவை: மிக நன்று. தகுதி: இல்லை.

மங்கையற்கரசிக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்.

"என்ன புள்ள, ரெண்டு கோப்ப திண்டுபோட்டுத் தகுதியில்ல எண்டு எழுதுறாய்?"

"அன்ரி, சாப்பாடு திறம். ஆனா இது கிழக்குச் சாப்பாடு. இது வடபுலத் தலம். பட்டியல்ல ஒடியல் கூழ்தான் இரிக்கி. நீங்க கூழ் காய்ச்சினா உங்கட புருசன உணவுப் பிரிவுக்குள்ள எடுக்கலாம்."

"கூழ் நல்ல சாமான்தான். எனக்குக் காய்ச்சத் தெரியா. அது வேணுமெண்டா யாழ்ப்பாணம் போய்க் காய்ச்சத் தெரிஞ்சவங்கட கையால வாங்கிக் குடிக்கிறதுக்கு என்ன? இஞ்ச பனங்கிழங்கு காயவைச்சு இடிச்ச ஒடியல் மாவுக்கு எங்க போற?"

"மா லொறியில வரும், அன்ரி."

"மீன்?"

"மீனும் வரும். ஐஸ்ல வைச்சு. பட்டியல்ல உள்ள மீன்தான் போடலாம்."

மங்கையற்கரசி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வாவிக்குப் பக்கத்தில இருந்து சமைக்க லொறியில மீன் வருமா?"

"வரும், அன்ரி. கவலப்படாதீங்க."

"வந்ததும் எனக்கொரு சொல்லு. நான் றோட்டில நிண்டு கும்பிடுறன். ஒழும்பிப் போ புள்ள. கையக் கழுவிட்டுப் போ."

அந்தப் பக்கமாகவும் வழி அடைபட்டது. லொறி பின்னர் வரத்தான் செய்தது. நானூறு கிலோமீற்றர் சுற்றி வந்த மீனை இறக்கினார்கள். அதைத் தூக்குவதற்கு ஊரில் நாலு பேரைப் பிடித்தார்கள். நாலு பேரும் மீன்பிடிகாரர்கள்.

*

மிஞ்சியது காட்சி. அந்தப் பிரிவைப் பணிப்பாளர் சுதாகரனே வைத்திருந்தார். அவருக்குக் கண் நல்லது என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து வாசித்தார். காட்சி எண் ஒன்று, பார்வைக் கோபுரம். இரண்டு, வாவி. மூன்று, கோரை. நாலு, பறவைகள், வந்தால். ஐந்து, சூரிய அஸ்தமனம். ஆறு, யானைத் தறி. ஏழு வெறுமையாக இருந்தது.

"பாரம்பரிய மீனவர், ஒருவர்," என்று சொல்லிக்கொண்டே சுதாகரன் எழுதினார். "சந்தோசமா? இனி நீங்க காட்சி. டிக்கட் தேவையில்ல."

"தோணி கட்டலாமா சேர்?"

"பின்னேரம் அஞ்சு நாப்பதுக்கும் ஆறு இருபதுக்கும் இடையில கட்டலாம். சேட்டு போடக்கூடாது. தோணியில மீன் இரிக்கக்கூடாது, மணக்கும். கோபுரத்துக்கு முன்னால வந்து நிண்டு வலையத் தூக்கிப் பிடிக்கணும்."

"வீசுறல்லையா?"

"வீசினா வலை தண்ணிக்குள்ள போயிரும். போட்டோவுக்கு ஒண்டும் தெரியாது. தூக்கிப் பிடிச்சா போதும்."

அழகரத்தினம் கணக்குப் பார்த்தார். நாற்பது நிமிடமாவது கட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மற்ற நேரத்தையும் பிடிக்கலாம் என்று நினைத்தார். மீன்பிடிகாரனின் மூளை அப்படித்தான் ஓடும்; சின்னதைத் தூண்டிலில் போட்டுப் பெரியதைப் பிடிக்கும். ஒப்பம் வைத்தார். வைத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் துறையில் புதிதாக எழும்பியிருந்த கோபுரத்தைச் சரியாகப் பார்த்தார். ஆட்கள் உட்கார நாற்பது வாங்குகள் வரிசையாக வாவியைப் பார்த்தபடி கிடந்தன. பின்புறத்தில், மேற்கே, மலசலகூடம் உயரமாகக் கட்டியிருந்தது. 'அஸ்தமனக் கோபுரம்' என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது.

அவர் திரும்பி உள்ளே போனார்.

"சேர், ஒரு விசயம். வாங்கெல்லாம் தண்ணியப் பார்த்துக் கிடக்கு."

"ஓம். அழகா இல்லையா?"

"தண்ணி கிழக்கால சேர். பொழுது படுறது பின்னுக்கு."

சுதாகரன் ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"இது என்ன கரை?"

"படுவான்கரை."

"படுவான் எண்டா?"

"பொழுது படுற பக்கம்."

"அப்ப பொழுது எங்க படுது?"

"இஞ்சதான் சேர். ஆனா..."

"இஞ்சதானே? பெயரிலேயே இரிக்கி. உங்கட மூதாதையர் சும்மாவா வைச்சாங்க?"

"அது வாவிக்குள்ள நிண்டு பார்த்து வைச்ச பேர், சேர். கரையில நிண்டா முதுகுப் பக்கம். அங்க, கக்கூசுக்குப் பின்னால."

சுதாகரன் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவரைப் பார்த்தார்.

"ஐயா, இந்த ஊரில இருந்தும் இந்த ஊரின்ட அருமை உங்களுக்குத் தெரியல்ல. ஒப்பந்தத்தில 'நீரில் அஸ்தமனம்' எண்டு இரிக்கி. மூண்டு பேர் கையெழுத்து வைச்சிரிக்காங்க. நீங்க ஒராள்."

*

திறப்புவிழா பின்னேரம் ஐந்து மணிக்கு. பிரதம அதிதி இரண்டு மணித்தியாலம் பிந்தி வருவார் என்று எதிர்பார்த்து மூன்று மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். சரியாக ஐந்துக்கு வந்தார். நாற்பது வாங்கும் நிறைந்தன. எல்லோருக்கும் சிரட்டையில் கூழ் கொடுத்தார்கள். அழகரத்தினம் மேற்சட்டை இல்லாமல், வெறுந்தோணியில், கோபுரத்துக்கு நேரே வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரமில்லாத வலையும் கையை இழுத்தது.

சுதாகரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெருமதிப்புக்குரிய பிரதம அதிதி அவர்களே! எட்டு மாதங்களுக்கு முன் இந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. மக்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்களை யாரும் பார்க்காத நிலையிலேயே அவர்கள் வாழ்ந்து வந்தார்கள் என்பது எவ்வளவு வேதனையானது! வரலாறு இல்லாதிருந்தது, எட்டே மாதத்தில் செய்து முடித்தோம். உணவு இருந்தது, ஆனால் பட்டியலில் இருக்கவில்லை. அந்தக் குறையையும் லொறி மூலம் நிவர்த்தி செய்தோம். இந்த மக்கள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காமலேயே செய்தோம். கேட்டவர்களுக்கு இன்னும் செய்யவில்லை. இதோ, இன்னும் சில நிமிடங்களில், உங்கள் கண்முன்னால், நீரில், சூரியன் அஸ்தமிக்கப் போகிறது."

எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். போன்களை உயர்த்தினார்கள்.

தோணியில் நின்ற அழகரத்தினத்துக்கு மட்டும் மேற்கு முகம். அவர்களுடைய தலைகளுக்கு மேலே, மலசலகூடத்தின் தகரக் கூரைக்கும் மேலே, வானம் பழுத்துச் சிவந்து வயலெல்லாம் ஊற்றியது. சூரியன் பெரிதாக, மெதுவாக, பனை ஒன்றின் பக்கமாக இறங்கியது. வாங்குகளில் இருந்தவர்களின் முகங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. அவர்கள் பார்த்த பக்கம் சாம்பல் பூத்தது. ஒருவரும் திரும்பவில்லை. பிரதம அதிதி முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பாமல் மற்றவர்கள் திரும்பினால் அவருக்கு முதுகு காட்டியதாகிவிடும். அவரோ, நிகழ்ச்சி நிரலில் திரும்பு என்று இல்லாததால், திரும்பவில்லை.

ஆறு பன்னிரண்டுக்கு சுதாகரன் நிரலைப் பார்த்து அறிவித்தார்: "சூரியன் அஸ்தமித்துவிட்டது!"

கைதட்டினார்கள். அந்த நேரம் மலசலகூடத்துக்குள்ளிருந்து பிரதம அதிதியின் சாரதி காற்சட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஜன்னலால என்னா வடிவு!" என்று யாரிடமோ சொன்னார். அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது யானைத் தறிக்கு மாலை. பிரதம அதிதி மாலையோடு இறங்கி வந்தார். அழகரத்தினம் வலையைத் தோணிக்குள் போட்டார். அவருக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளி வந்து, கரையில் ஏறி, மஞ்சள் சங்கிலியைத் தாண்டி, கட்டையில் கை வைத்தார்.

"இது நல்லரத்தினத்தின்ட கட்டை," என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

பிரதம அதிதி மாலையைப் பிடித்தபடி சுதாகரனைப் பார்த்தார். "யார் நல்லரத்தினம்?"

சுதாகரன் மதுரனைப் பார்த்தார். மதுரனுக்குத் தெரியும். மதுரன் நிலத்தைப் பார்த்தார். சபையின் முகாமைத்துவப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்: அதிதியின் கேள்வி மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்றாவது செக்கனில் சுதாகரன் சொன்னார்:

"யானைப்பாகன், சேர். இளவரசியின்ட."

"ஆ," என்று பிரதம அதிதி தலையாட்டி, மாலையைக் கட்டைக்குப் போட்டார். கைதட்டல் எழும்பியது. சிலர் அழகரத்தினத்தையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். "வாரிசு," என்று யாரோ சொன்னார்கள். மதுரன் படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

அழகரத்தினத்தின் கை கட்டையிலேயே இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அண்ணனை ஒருவன் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனான். இன்றைக்கு இவன் கூப்பிடவும் இல்லை; மூன்று செக்கனில் யானையில் ஏற்றிவிட்டான்.

ஆறு இருபதுக்கு சீனித்தம்பி வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னான். சொல்லும்போது அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

விடிந்ததும் அழகரத்தினம் இரும்பு அலவாங்கோடு தோணியில் வந்தார். சங்கிலிக்குள் இறங்கிக் கட்டையைச் சுற்றிக் கிண்டத் தொடங்கினார். சீனித்தம்பி ஓடி வந்தான். நின்றான். குழியையும் அலவாங்கையும் அத்தானையும் பார்த்தான்.

"சொல்லு," என்றார் அழகரத்தினம். "டிக்கட்டா?"

சீனித்தம்பி தொப்பியைச் சரிசெய்தான். "நான் வாசலத்தான் பார்க்கணும், அத்தான். வாசல் றோட்டுப் பக்கம்." முதுகைக் காட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றான். அலவாங்குச் சத்தம் நிற்கும்வரை றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். றோட்டில் ஒரு மாடுகூட வரவில்லை.

கட்டை அடியில் இன்னும் வைரமாக இருந்தது. அதைத் தோணியில் கிடத்தி, வடக்கே, கோரைக்குள் கொண்டுபோனார். கோரையை வெட்டி ஒதுக்கி ஒரு வழி செய்தார். மங்கையற்கரசி முழங்கால் சேற்றில் நின்று கட்டையைப் பிடிக்க, அவர் அறைந்து நட்டார். கபூர் பாதித் தூரம் மோட்டார் சைக்கிளிலும் மீதியை நடந்தும் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

"நல்ல இடம், மச்சான்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாசமாப் போவான் ஒருத்தனும் வரமாட்டான்."

தலத்தில் குழியைச் சுற்றி மஞ்சள் சங்கிலி அப்படியே நின்றது. கல்லை மாற்றவில்லை, கீழே ஒரு வரி சேர்த்து வெட்டினார்கள். பாகன் நல்லரத்தினத்தின் சொல் கேளாமல் யானை தறியைப் பிடுங்கிச் சென்ற இடம். உல்லாசப் பயணிகள் குழிக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். முன்பைவிடக் கூட்டம் கூட.

மூன்றாம் கிழமை சீனித்தம்பி ஒரு அலுவலகக் கோவையோடு கோரைக்குள் வந்தான். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்திருந்தான்.

"அத்தான், சேர் கேக்கச் சொன்னார். இஞ்ச ஒரு துறை நடக்குதாமே. அது எங்கட தலத்துக்கு எந்தப் பக்கமாம்? எழுதிக் குடுக்கட்டாம்."

மங்கையற்கரசி தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னுக்குப் போய்ச் சேற்றில் புதைந்தான்.

அழகரத்தினம் வலையில் சிக்கிய சல்லுச் செடியை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெற்கு எண்டு எழுது."

"இது வடக்குத்தானே, அத்தான்?"

"வடக்கெண்டா வருவானுகள். தெற்கெண்டு எழுது."

"வந்து பார்த்தா?"

"டேய், பொழுது எந்தப் பக்கம் படுதெண்டு நாப்பது வாங்கு போட்டும் கண்டுபிடிக்கல்ல. அவன் வந்து வடக்கு எங்க, தெற்கு எங்க எண்டு பார்ப்பானா? எழுதுடா."

சீனித்தம்பி கோவையை முழங்காலில் வைத்து எழுதினான். ஐந்து நாளில் அதற்குச் சீல் விழுந்தது, மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். கோரைக்குள் இருக்கும் துறை தெற்கே இருக்கிறது, ஆகவே சபைக்கு அதில் அக்கறை இல்லை என்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட காலையில் அழகரத்தினம் வாவிக்கு நடுவே இறால் பிடித்துக்கொண்டிருந்தார். துறை இடம் மாறியது இந்தமுறை அவருக்குத் தெரியும்.